பழைய உயர்தர ஆம்ப்ளிஃபையரை யாரிடம் நம்பிக் கொடுப்பது?

கேள்வியைச் சுருக்கமாக மறுபடி சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இருபது ஆண்டுகளைக் கடந்த ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் ஒன்று இருக்கிறது. வாங்கிய காலத்தில் அது மிக விலை உயர்ந்தது. அரை மணி நேரம் ஓடிய பிறகு இடது சேனலில் கரகரப்பு எழுகிறது. சில சமயம் பாதுகாப்பு ரிலே (ஆபத்து கண்டால் ஸ்பீக்கர் இணைப்பைத் துண்டிக்கும் தானியங்கிச் சுவிட்ச்) விழுந்து ஒலியே நின்றுவிடுகிறது. நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சேவை மையம், அந்த மாடலுக்கான போர்டு இப்போது வருவதில்லை என்று கைவிரித்துவிட்டது. தனியாகத் தொழில் செய்யும் ஒருவர், பெட்டியைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே, மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர்கள் எல்லாவற்றையும் மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார். நல்ல டெக்னீஷியனை எங்கே தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியதை முழுவதும் படித்தால், முகவரி கிடைக்காதது மட்டும் உங்கள் கவலை இல்லை என்று தெரிகிறது. மின்னணுவியல் தெரியாத ஒருவர், அது தெரியும் என்று சொல்பவரின் திறமையை எதை வைத்து எடைபோடுவது என்பதைத்தான் கேட்கிறீர்கள்.

நான் அளவைக் கருவிகளைப் பழுதுபார்ப்பதில் பயிற்சி பெற்று, பின்னர் நீண்ட காலம் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர்கள், ப்ரீஆம்ப்கள், டேப் டெக்குகள் ஆகியவற்றோடு வேலை செய்தவன். கண்ணாடிக் குழாய்களில் இயங்கும் வால்வு ஆம்ப்ளிஃபையர்களும் ஓரளவு பழக்கம். எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர்களிலும் இன்றைய நெட்வொர்க் ஸ்ட்ரீமர்களிலும் நான் கைவைத்தது குறைவு. அவற்றைப் பற்றிச் சொல்வதைப் பொதுவான வழிகாட்டலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெட்டியைத் திறந்து அளந்து பார்க்காமல் அதன் கோளாறு இன்னது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. அப்படிச் சொல்பவரை நம்பக் கூடாது என்பதே இந்தப் பதிலின் மையக் கருத்து என்றும் வைத்துக்கொள்ளலாம்.

பழுதுபார்க்கும் வேலையில் இரண்டு பகுதிகள் உண்டு. எது கெட்டிருக்கிறது, ஏன் கெட்டது என்று கண்டுபிடிப்பது ஒன்று. கெட்டதைக் கழற்றிப் புதியதை வைப்பது மற்றொன்று. பின்னதற்குக் கைப்பழக்கம் வேண்டும், அது பலரிடம் இருக்கிறது. முன்னதற்குச் சர்க்யூட்டைப் புரிந்துகொள்ளும் அறிவும், கருவிகளும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுமையும் வேண்டும். இவை மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருப்பது அரிது. ஆகவே நீங்கள் ஒருவரிடம் பேசும்போது, எந்தப் பாகத்தை மாற்றப் போகிறார் என்று கேட்பதைவிட, எதை எப்படி அளக்கப் போகிறார் என்று கேளுங்கள். அந்தப் பதிலை முழுவதும் புரிந்துகொள்ள உங்களுக்கு மின்னணுவியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பதில் இருக்கிறதா, அது உங்கள் கோளாற்றின் அறிகுறிகளோடு ஒட்டிப் போகிறதா என்பதை எவரும் கவனிக்க முடியும்.

உங்கள் ஆம்ப்ளிஃபையரையே எடுத்துக்கொள்வோம். அரை மணி நேரம் கழித்துத்தான் கரகரப்பு வருகிறது என்பது வெப்பத்தோடு தொடர்புள்ள கோளாறு என்பதற்கு வலுவான தடயம். சூடேறும்போது விரிந்து தொடர்பு விட்டுப்போகும் சால்டர் இணைப்பு, சூட்டில் மின்கசிவு காட்டும் சிறிய டிரான்சிஸ்டர், அமைதிநிலை மின்னோட்டத்தை (பாட்டு இல்லாதபோதும் வெளியீட்டு டிரான்சிஸ்டர்களில் ஓடும் சிறு மின்னோட்டம்) சரிசெய்யும் டிரிம்பாட் என்ற சிறு திருகு ரெசிஸ்டரில் ஏறிய துரு, வெப்பம் உமிழும் ரெசிஸ்டரின் அருகில் இருந்து வறண்டுபோன கெப்பாசிட்டர் என்று பல காரணங்கள் சாத்தியம். கரகரப்பு மட்டும் இருந்திருந்தால் ரிலேயின் தொடுமுனைகள் கறுத்திருப்பதே காரணமாக இருக்கலாம். பழைய ஆம்ப்ளிஃபையர்களில் ஒரு சேனல் மங்குவதற்கும் விட்டுவிட்டு ஒலிப்பதற்கும் மிகச் சாதாரணமான காரணம் அது. ஆனால் பாதுகாப்புச் சர்க்யூட்டும் செயல்படுகிறது என்பதால், கறுத்த தொடுமுனையை மட்டும் வைத்து உங்கள் கோளாற்றை விளக்க முடியாது. பாதுகாப்புச் சர்க்யூட் பொதுவாக ஸ்பீக்கருக்குச் செல்லும் முனையில் நேர்மின்னழுத்தம் (டிசி வோல்டேஜ்) தோன்றினாலோ, மின்னோட்டம் அளவு கடந்தாலோ, வெப்பம் மிகுந்தாலோதான் ரிலேயை விடுவிக்கும். மிக அரிதாக அந்தப் பாதுகாப்புச் சர்க்யூட்டே கெட்டுப்போய்க் காரணமின்றி விடுவிப்பதும் உண்டு.

திறமையுள்ள ஒருவர் இதைக் கேட்டவுடன் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். இடது சேனலின் வெளியீட்டு முனையில் மீட்டரை மாட்டிவிட்டு, பெட்டி சூடேறும் வரை அந்த நேர்மின்னழுத்தம் எப்படி நகர்கிறது என்று பார்க்க வேண்டும் என்பார். பிறகு, குளிரூட்டும் ஸ்ப்ரேயை ஒவ்வொரு பாகத்தின் மீதும் அடித்தும், வெப்பக் காற்றை ஒரு சிறு பகுதியில் மட்டும் செலுத்தியும், கோளாற்றைத் தன் விருப்பப்படி வரவழைக்கவும் போகவைக்கவும் முடிகிறதா என்று சோதிப்பார். நல்ல நிலையில் உள்ள வலது சேனல் அவருக்கு இலவசமாகக் கிடைத்த ஒப்பீட்டு அளவுகோல். இரண்டு சேனல்களிலும் ஒரே புள்ளியில் அளந்து, எங்கே வேறுபடுகிறது என்று பின்னோக்கிச் செல்வார். இந்த அளவுக்கு விரிவாகச் சொல்லாவிட்டாலும், சூடாக்கிப் பார்க்க வேண்டும், இரண்டு மூன்று நாள் மேசையில் ஓடவிட வேண்டும் என்று சொன்னாலே போதும். விட்டுவிட்டு வரும் கோளாறு பிடிபடுவதற்கு நேரம் எடுக்கும் என்பதை அனுபவம் உள்ளவர் மறைக்க மாட்டார்.

எல்லாக் கெப்பாசிட்டர்களையும் மாற்றச் சொன்னவர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. அந்த யோசனையில் உண்மையும் இருக்கிறது, அதன் எல்லையும் தெரிய வேண்டும். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் உள்ளே திரவ மின்பகுளி இருக்கிறது. காலப்போக்கில், அதைவிட வெப்பத்தால், அது வறண்டுபோகும். 10 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது இத்துறையில் எல்லோரும் பயன்படுத்தும் தோராய விதி. 85 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று குறிக்கப்பட்ட சாதாரணக் கெப்பாசிட்டர், பெட்டிக்குள் 45 டிகிரியில் இருந்தால், அந்தக் கணக்குப்படி சுமார் 32,000 மணி நேரம் உழைக்க வேண்டும். தினமும் மூன்று மணி நேரம் கேட்பவருக்கு அது 29 ஆண்டுகள். 105 டிகிரி தரத்தில் உள்ளதற்கு இதைப்போல நான்கு மடங்கு. இது கணக்கு மட்டுமே. அடைப்பான் ரப்பரின் தரம், உற்பத்தியின் தரம் ஆகியவற்றைப் பொறுத்து நடைமுறை மாறும். இருந்தாலும், இருபது ஆண்டு ஆனதாலேயே அனைத்தும் செத்துவிட்டன என்ற வாதம் நிற்காது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்கின் ஓரத்திலும், சூடாகும் ரெகுலேட்டரின் பக்கத்திலும் இருப்பவை முதலில் கெடும். சூட்டிலிருந்து விலகி நிற்கும் பெரிய வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அவற்றின் கொள்ளளவையும் உள்தடையையும் அளக்கும் மீட்டர்கள் இன்று எளிதில் கிடைக்கின்றன. அளந்து, கெட்டதை மாற்றுகிறேன், அதே இடத்தில் அதே வயதில் உள்ளவற்றையும் சேர்த்து மாற்றுகிறேன் என்பவரின் பேச்சு எனக்கு உடன்பாடானது.

பார்த்த மாத்திரத்தில் மொத்தமாக மாற்றுவதே சரி என்னும் இடங்களும் உண்டு. 1999 முதல் 2007 வரையிலான காலத்தில் தரம் குறைந்த மின்பகுளியோடு வந்து, வீங்கியும் கசிந்தும் போன கெப்பாசிட்டர்கள் கணினிகளில் மட்டுமல்லாமல் பல மின்னணுப் பொருள்களிலும் நுழைந்தன. 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் வந்த, போர்டின் பரப்பிலேயே ஒட்டப்படும் வகை எலக்ட்ரோலிட்டிக்குகள் கசிந்து செப்புத் தடங்களையே அரித்துவிடும். ரிஃபா என்ற பெயரில் வந்த காகித வகைக் கெப்பாசிட்டர்கள் மேலுறை வெடித்து, ஈரம் ஏறி, மின்சாரம் பாய்ந்தவுடன் புகை கக்குவதற்குப் பேர்போனவை. பழைய ஐரோப்பிய டேப் ரெக்கார்டர்களில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பழைய ஜப்பானிய ஆம்ப்ளிஃபையர்களில் பெரிய பாகங்கள் அசையாமல் இருக்க ஊற்றிய பசை, வயதாகும்போது பழுப்பாகிக் கறுத்து, அருகிலுள்ள கம்பிகளை அரிப்பதும் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குவதும் நன்கு அறியப்பட்ட சிக்கல். விட்டுவிட்டு வரும் இரைச்சலுக்கு அந்தப் பசை காரணமாக இருந்து, புதிய கெப்பாசிட்டர்களைப் போட்ட பிறகும் பசையைச் சுரண்டாமல் விட்டதால் கோளாறு திரும்பிய பெட்டிகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன.

கெப்பாசிட்டர் மாற்றினால் ஒலி மேம்படுமா என்பது வேறு கேள்வி. பழையது தன் அளவிலிருந்து விலகியிருந்தால் மாற்றம் மீட்டரிலும் தெரியும், காதிலும் தெரியும், அதில் ஐயமில்லை. நன்றாக இருப்பதை எடுத்துவிட்டு விலை உயர்ந்த பிராண்டை வைத்தால் ஒலி மேடை விரிகிறது, குரல் கனிகிறது என்பதெல்லாம் கேட்பவருக்குக் கேட்பவர் மாறும் கருத்து. அதை நான் மறுக்கவும் மாட்டேன், உறுதியளிக்கவும் மாட்டேன். ஆனால் பழுதுபார்ப்பையும் மேம்படுத்தலையும் ஒரே நேரத்தில் செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன். இரண்டும் கலந்தால், பிறகு ஏதாவது தவறினால் எந்த மாற்றம் அதற்குக் காரணம் என்று யாராலும் பிரித்துக் காண முடியாது. ஆப்-ஆம்ப் எனப்படும், சிக்னலைப் பெருக்கும் ஐசிகளைப் பிடுங்கி வேகமானவற்றைச் செருகுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண்ணில் சர்க்யூட் தானாக ஊசலாடத் தொடங்கலாம், அலைவடிவைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் இல்லாமல் அது தெரியாது, உயர் ஒலியைத் தரும் ட்வீட்டர் கருகிய பிறகுதான் தெரியவரும்.

கருவிகள் என்ற பேச்சு வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். எந்த பிராண்டு ஸ்கோப் வைத்திருக்கிறார் என்று விசாரிப்பதில் பயனில்லை. பழுது நீங்கிய பிறகு பெட்டிக்கு எப்படி முதன்முதலாக மின்சாரம் கொடுப்பார் என்று கேளுங்கள். மின்னிணைப்பில் ஒரு குண்டு பல்பைத் தொடராக வைத்தோ, வேரியாக் கொண்டு அழுத்தத்தை மெல்ல உயர்த்தியோ கொடுப்பேன் என்றால் அவர் தொழில் கற்றவர். உள்ளே இன்னும் ஏதாவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், புதிய டிரான்சிஸ்டர்கள் தப்பும். நேரடியாக பிளக்கில் செருகி உங்கள் ஸ்பீக்கரிலேயே பாட்டுப் போட்டுப் பார்ப்பேன் என்பவரிடம் விலை உயர்ந்த எதையும் கொடுக்காதீர்கள். முழுச் சக்தியில் சோதிக்க 8 ஓம் சுமை ரெசிஸ்டர் வேண்டும். 100 வாட் என்று குறிக்கப்பட்ட ஆம்ப்ளிஃபையர் அந்தச் சுமையின் குறுக்கே 28 வோல்ட்டுக்குச் சற்றே அதிகமாகத் தெளிவான சைன் அலையாகக் காட்ட வேண்டும். வெளியீட்டு முனையில் சிக்னல் இல்லாதபோது தோன்றும் நேர்மின்னழுத்தம் சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் அடங்க வேண்டும். பெரும்பாலான வடிவமைப்புகளில் 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை.

அமைதிநிலை மின்னோட்டம் என்ற பயஸை அமைப்பதும் அளவீட்டு வேலைதான். எமிட்டர் ரெசிஸ்டரின் குறுக்கே வரும் அழுத்தத்தை வைத்து அதைக் கணிப்பார்கள்: ரெசிஸ்டர் 0.22 ஓம், மீட்டரில் 22 மில்லிவோல்ட் என்றால் 100 மில்லிஆம்பியர் ஓடுகிறது. எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல் சொல்லும். பெட்டி முழுவதும் சூடேறி நிலைத்த பிறகே அதை அமைக்க வேண்டும். இந்த எண்களையெல்லாம் நீங்கள் சரிபார்க்க வேண்டும் என்பதில்லை. பழுதுக்கு முன்னும் பின்னும் எடுத்த இந்த அளவுகளை ஒரு தாளில் எழுதித் தர முடியுமா என்று கேளுங்கள். தருகிறேன் என்று தயங்காமல் சொல்பவர்கள் குறைவு. என் அனுபவத்தில் அவர்கள் செய்த வேலைதான் நிலைத்திருக்கிறது.

பாகங்கள் எங்கிருந்து வருகின்றன என்பது இன்று முன்னைவிடப் பெரிய பிரச்சினை. உயர்தர ஆம்ப்ளிஃபையர்களில் வரும் பல டிரான்சிஸ்டர்களின் உற்பத்தி நின்றுவிட்டது. ப்ரீஆம்ப்களில் பெரிதும் மதிக்கப்பட்ட டோஷிபாவின் 2எஸ்கே170 அப்படிப்பட்டது. நின்றுபோனவற்றின் பெயரில் போலிகள் சந்தையில் ஏராளம். உற்பத்தி நின்றாலும் நிற்காவிட்டாலும் போலிகள் உண்டு. 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 என்ற டோஷிபா ஜோடியும், சான்கெனின் 2எஸ்சி2922, 2எஸ்ஏ1216 ஜோடியும் மிக அதிகமாகப் போலி செய்யப்பட்டவை. அவற்றுள் இருக்கும் சிலிக்கான் துண்டு அசலைவிட மிகச் சிறியதாக இருக்கும். குறைந்த ஒலியில் எந்தக் குறையும் காட்டாது, ஒரு நாள் ஒலியைக் கூட்டும்போது மொத்தமாக வெடித்து, சில நேரம் ஸ்பீக்கரையும் இழுத்துக்கொண்டு போகும். ஆகவே, உற்பத்தியாளரின் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடமிருந்து வாங்குவாரா, பில் காட்டுவாரா என்று கேட்பது அவமதிப்பு ஆகாது. அசல் கிடைக்காதபோது மாற்றுப் பாகம் வைப்பதும் குற்றம் ஆகாது. அழுத்தம், மின்னோட்டம், பாதுகாப்பான இயங்குபரப்பு, வேகம், கால்களின் வரிசை ஆகியவற்றை ஒப்பிட்டு ஏன் இதைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லக்கூடியவர் வைத்தால் அது நல்ல வேலை. வெளியீட்டு டிரான்சிஸ்டர் ஒன்று போயிருந்தால், அதை இயக்கும் டிரைவர்களையும் எமிட்டர் ரெசிஸ்டர்களையும் சோதிக்காமல் அதை மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை. ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃப்யூஸ் போட்டுத் தருபவரிடம் மறுபடி போகவே வேண்டாம்.

இனி எங்கே தேடுவது என்பதற்கு வருகிறேன். அங்கீகாரம் பெற்ற சேவை மையத்தின் பலம், அசல் பாகங்களும் மேனுவலும் அவர்களிடம் இருப்பது. பலவீனம், பல இடங்களில் வேலை முழு போர்டை மாற்றுவதோடு நின்றுவிடுவது. போர்டு வருவதில்லை என்பதற்கும், போர்டில் உள்ள ஒரு டிரான்சிஸ்டரை மாற்ற முடியாது என்பதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. உங்களுக்குக் கிடைத்த பதில் முதல் வகையைச் சேர்ந்தது, அதனால் மனம் தளர வேண்டியதில்லை. சேவை மையம் கைவிட்டாலும் தயாரித்த நிறுவனத்துக்கே நேரடியாக ஒரு கடிதம் எழுதுங்கள். அக்யூஃபேஸ், மெக்கின்டாஷ், நெய்ம், குவாட் போன்ற நிறுவனங்கள் பல பத்தாண்டுப் பழைய மாடல்களையும் கவனிப்பதில் பெயர் எடுத்தவை. உங்களுடையது வேறு நிறுவனமாக இருந்தாலும், சர்வீஸ் மேனுவலையாவது அனுப்பக்கூடும், அல்லது முன்பு தங்களிடம் வேலை பார்த்து இப்போது தனியே தொழில் செய்யும் ஒருவரைச் சுட்டக்கூடும். அந்தக் கடைசி வகையினர்தான் எல்லோரிலும் சிறந்தவர்கள் என்பது என் கருத்து; அந்த மாடலின் நோய்கள் அனைத்தும் அவர்களுக்கு மனப்பாடம்.

அடுத்து, ஒலி நின்றுபோனால் தொழிலே நின்றுபோகும் இடங்களை விசாரியுங்கள். வானொலி நிலையங்கள், ஒலிப்பதிவுக் கூடங்கள், பெரிய அரங்குகள் ஆகியவற்றின் கருவிகளை யாரோ ஒருவர் பராமரிக்கிறார். அவர் பெரும்பாலும் விளம்பரம் செய்வதில்லை. பழைய உயர்தரக் கருவிகளை வாங்கி விற்பவர்கள் தங்கள் சரக்கை யாரிடம் அனுப்பிச் சரிசெய்கிறார்கள் என்று கேளுங்கள். விற்ற பொருள் திரும்பி வந்தால் நட்டம் அவர்களுக்கு, எனவே திறமையற்றவரை அவர்கள் நெடுநாள் வைத்திருக்க மாட்டார்கள். அமெச்சூர் வானொலி ஆர்வலர்கள், ஆய்வகக் கருவிகளைப் பராமரிப்பவர்கள் ஆகியோரிடமும் நல்ல கைகள் இருக்கின்றன. உங்கள் மாடலையே வைத்திருக்கும் இன்னொருவர் யாரிடம் கொடுத்தார், கொடுத்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்பது, நேற்று வாங்கிக்கொண்டு இன்று பாராட்டும் நூறு பேரின் நட்சத்திரங்களைவிட மதிப்புள்ள தகவல்.

ஒருவர் எல்லாவற்றிலும் வல்லவராக இருக்க மாட்டார் என்பதையும் மனத்தில் வையுங்கள். கண் மருத்துவரிடம் பல் வலிக்குப் போவதில்லை அல்லவா, அதுபோல. வால்வு ஆம்ப்ளிஃபையருக்குள் 400, 500 வோல்ட் சாதாரணம், அணைத்த பிறகும் அது கெப்பாசிட்டரில் தங்கியிருந்து உயிரைப் பறிக்கக்கூடும். கிதார் ஆம்ப்ளிஃபையர்களைப் பார்ப்பவர்கள் இதில் தேர்ந்தவர்கள். டேப் டெக்கைச் சீரமைக்க அளவீட்டு டேப்பும், வேக ஏற்றத்தாழ்வை அளக்கும் கருவியும் வேண்டும். அவை இல்லாதவர் பெல்ட்டை மாற்றுவார், ஹெட்டின் கோணத்தைச் சரிசெய்ய அவரால் முடியாது. சிடி ப்ளேயரில் எல்லாம் அந்த லேசர் அலகு இன்னும் கிடைக்கிறதா என்பதைப் பொறுத்தது. குவாட் 1957இல் வெளியிட்டது போன்ற எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர்களுக்குப் பேனலை மறுபடி இழுத்துக் கட்டித் தரும் தனி நிபுணர்கள் இருக்கிறார்கள். டிரான்சிஸ்டர்களைச் சுவிட்ச்போல இயக்கும் கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபையர்களில் மாட்யூலையே மாற்றுவது வழக்கம், அங்கே அது சோம்பேறித்தனம் ஆகாது. ஐசியின் எண்ணைச் சுரண்டிவிட்டு, அல்லது சர்க்யூட் முழுவதையும் எபாக்சியில் புதைத்து விற்கும் நிறுவனங்களும் உண்டு. அவற்றை வேறு யாரிடம் கொண்டுபோனாலும் பலன் குறைவு. இது என்னால் முடியாது, இன்னாரிடம் போங்கள் என்று ஒருவர் சொன்னால், அவரது தொலைபேசி எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். அவரால் முடிந்த வேறொரு வேலைக்கு அவரிடமே போகலாம்.

கொடுப்பதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. பாதுகாப்பு ரிலே விழுகிற ஆம்ப்ளிஃபையரை உங்கள் நல்ல ஸ்பீக்கர்களோடு இணைத்து இனி ஓட்ட வேண்டாம். ரிலேயின் தொடுமுனைகள் ஒரு நாள் ஒட்டிக்கொண்டால் நேர்மின்னழுத்தம் முழுவதும் வூஃபரின் சுருளில் பாயும். மலிவான பழைய ஸ்பீக்கர் இருந்தால், பெட்டியை அணைத்துவிட்டு உள்ளீட்டு வயர்களை இடம் வலமாக மாற்றிச் செருகி ஒருமுறை பாருங்கள். கரகரப்பு வலப்பக்கம் போய்விட்டால் கோளாறு உங்கள் சிடி ப்ளேயரிலோ வயரிலோ இருக்கிறது, ஆம்ப்ளிஃபையரில் இல்லை. ஆனால் ரிலே விழுகிறது என்பதால் அப்படி ஆகும் வாய்ப்பு குறைவு. ஒலி அளவைக் கூட்டினால் கரகரப்பும் கூடுகிறதா, குமிழை முற்றிலும் குறைத்தாலும் வருகிறதா என்று எழுதி வையுங்கள். குறைத்தாலும் வருகிறது என்றால் கோளாறு வால்யூம் கன்ட்ரோலுக்குப் பின்னால் இருக்கிறது என்று பொருள், டெக்னீஷியனின் பாதி நேரம் மிச்சம். இதற்கு முன் யார் திறந்தார்கள், என்ன மாற்றினார்கள் என்பதை மறைக்காதீர்கள்.

சோதனைக் கட்டணம் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். கண்டுபிடிப்பதுதான் திறமை என்று சொல்லிவிட்டு அதற்குக் கூலி இல்லை என்பது நியாயமாகாது; சோதனை இலவசம் என்பவர் அந்தக் கூலியைத் தேவையற்ற பாகங்களின் விலையில்தான் எடுப்பார். சோதனை முடிந்ததும், கண்ட கோளாறு, மாற்ற வேண்டியவை, மொத்தச் செலவு ஆகியவற்றை எழுத்தில் பெற்று, அந்தத் தொகையைத் தாண்டினால் உங்களைக் கேட்காமல் செய்யக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். கழற்றிய பாகங்களை ஒரு பையில் போட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள். பல வாரம் காத்திருக்கச் சொன்னால் அது குறையல்ல, நல்லவர்களிடம் வரிசை இருக்கும். முன்பு வேலை பார்த்தவரை வாய் ஓயாமல் திட்டுபவரையும், தொலைபேசியிலேயே இறுதி விலை சொல்பவரையும் கண்டால் எனக்குத் தயக்கம் வரும். இதை விதியாகச் சொல்லவில்லை, பழக்கத்தில் வந்த எச்சரிக்கை உணர்வு. பெரிய மின்மாற்றி எரிந்திருந்தாலோ, நிறுவனம் தனக்கென்று செய்த ஐசி போயிருந்தாலோ, செலவு பொருளின் இன்றைய மதிப்பை நெருங்கலாம். அந்த முடிவு உங்களுடையது. உங்கள் அறிகுறிகள் அந்த வகையைச் சேர்ந்தவையாகத் தோன்றவில்லை.

கூரியரில் அனுப்ப நேர்ந்தால், மின்மாற்றியின் எடையே பெட்டிக்குப் பகை என்பதை நினைவில் வையுங்கள். 25, 30 கிலோ உள்ள ஆம்ப்ளிஃபையர் ஒரு மூலையில் விழுந்தால் மின்மாற்றி தன் திருகுகளைப் பிய்த்துக்கொண்டு போர்டை நொறுக்கிவிடும். அசல் அட்டைப்பெட்டி இருந்தால் அதை இன்னொரு பெட்டிக்குள் வைத்து, இடையில் கெட்டியான நுரையால் நிரப்புங்கள். தெர்மோகோல் உருண்டைகள் போதாது. முடிந்தவரை நீங்களே எடுத்துச் செல்வது நல்லது, பட்டறையை நேரில் பார்க்கும் வாய்ப்பும் கிடைக்கும். திரும்ப வாங்கும்போது அவரது சுமை ரெசிஸ்டரிலோ அவரது ஸ்பீக்கரிலோ ஒரு மணி நேரமாவது உங்கள் முன்னால் ஓடவிடச் சொல்லுங்கள். உங்கள் கோளாறு அரை மணி நேரத்துக்குப் பிறகு வருவது. பத்து நிமிடச் சோதனை எதையும் நிரூபிக்காது.